காரைக்குடியிலிருந்து யூ2-வின் பின்னால்

2019-ல் அயர்லாந்து ராக் இசைக்குழுவான யூ2 முதன்முறையாகச் சிங்கப்பூருக்கு வருகிறார்கள் என்றதும் திருச்சியிலிருந்து விமானம் ஏறிவிட்டேன். பெட்டியில் பாதி, அங்கிருக்கும் பெரியப்பச்சி (பெரியப்பா) வீட்டுக்கு ஆத்தா கொடுத்துவிட்ட பலகாரங்கள், மணகோலமும் சீப்புச் சீடையும். "முதலில் முருகனைக் கும்பிட்டு வாப்பா" என்று பெரியப்பச்சி சொன்னார்கள். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில், 1859-ல் நம் நகரத்தார் எழுப்பியது. கும்பிட்டுவிட்டு நேராகக் காலாங் நேஷனல் ஸ்டேடியம்.

குழுவின் டிரம்மர் லாரி முல்லன் தனியாக நடந்துவந்து, கூட்டத்துக்குள் நீண்டிருந்த சிறிய மேடையில் டிரம்ஸைத் தொட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1976-ல் டப்ளினில் பள்ளி அறிவிப்புப் பலகையில் இவர் ஒட்டிய சீட்டில் தொடங்கிய குழு. நாற்பது வருடம் தாண்டியும் அதே நால்வர்! பங்காளிகள் சேர்ந்து நடத்தும் கடைகூட அத்தனை காலம் உடையாமல் நிற்பது அபூர்வம். 1987-ல் வந்த 'தி ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை வரிசை மாறாமல் வாசித்தார்கள். குழுவின் கிட்டார் கலைஞர் எட்ஜின் கிட்டார் எதிரொலி நெஞ்சில் வந்து மோதியது.

அப்புறம் டிசம்பர் 15, மும்பை. அவர்கள் இந்தியாவில் வாசித்த முதல் கச்சேரி. ஏ.ஆர். ரகுமானும் மேடையேறி 'அகிம்சா' பாடினார். திருக்குறள் வரிகள் வரும் பாட்டு அது. அயர்லாந்துக்காரர்கள் மேடையில் வள்ளுவர்! பக்கத்தில் நின்ற மராட்டிப் பையனுக்குக் கத்திக் கத்திப் பொருள் சொன்னேன்.

இவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் உட்காரும் இருக்கை வாங்காதீர்கள். நின்றே கேளுங்கள்.