சிமிட்டாதீங்கன்னு சொல்லலாமா? – தஞ்சாவூர் லேப் நாட்குறிப்பு

ஜூலை 28
தலையில் எலெக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின் அலையைப் பதியும் இ.இ.ஜி.க்குத் திருவையாற்றுப் பக்கத்து விவசாயி அண்ணன் ஒருவர் வந்தார். தலை நிறையத் தேங்காய் எண்ணெய். வைக்காமல் வரச் சொல்லியிருந்தோம். “எண்ணெய் வைக்காம கிளம்புனா வீட்ல ஒரு மாதிரி பாப்பாங்க தம்பி” என்றார். ஷாம்பு போட்டு அலசிவிட்டு வந்த பிறகுதான் எலெக்ட்ரோடு பிடித்தது. ஒரே மாதிரி ஒலி வந்துகொண்டிருக்கும். எப்போதாவது வேறு ஒலி கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கண் சிமிட்டக்கூடாது என்றும் சொல்லிவைத்தோம்.

ஜூலை 30
பதிவைத் திறந்தேன். நெற்றி எலெக்ட்ரோடுகளில் வரிசையாகக் கோபுரம் போல அலைகள், எல்லாம் சிமிட்டல். கண்ணில் கருவிழிப் பக்கம் நேர் மின்னழுத்தம், விழித்திரைப் பக்கம் எதிர். இமை கருவிழிமேல் வழுக்கி இறங்கும்போது அந்த நேர் மின்னழுத்தம் நெற்றிக்குப் பரவுகிறது. மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட். சிமிட்டல் சாதாரணமாக நூறைத் தாண்டும்.

ஆகஸ்ட் 1
சிமிட்டல்கள் கண்டபடி விழுந்திருந்தால் பல ஒலிகளுக்கான பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது கரைந்துவிடும். ஆனால் இவருக்கு அரிய ஒலி வந்து, பட்டனை அழுத்தியதும்தான் இமை இறங்குகிறது. நாங்கள் தேடும் பி300 அலையும் (அரிய ஒலியைக் கவனித்ததும் மூளையில் எழும் அலை) அந்தச் சமயத்தில்தான் எழும். 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டியதையெல்லாம் தூக்கிப் போட்டால், வேண்டிய பதிவுகளே போய்விடும்.
போனில் கேட்டேன். “சிமிட்டக்கூடாதுங்கற நெனப்புலயே பாதி சத்தம் காதுல ஏறல தம்பி.” அதாவது கவனத்தை அளக்க உட்காரவைத்து, அதில் பாதியை நாங்களே பிடுங்கியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. லேப் பூட்டு. சித்ரான்னம், தூக்கம்.

ஆகஸ்ட் 5
இனி தாராளமாகச் சிமிட்டட்டும். கண்ணுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு எலெக்ட்ரோடு வைத்துச் சிமிட்டலைத் தனியாகப் பதிந்துவிடலாம். அப்படிப் பதிந்ததை வைத்து மூளைப் பதிவிலிருந்து சிமிட்டலின் பங்கைக் கழிக்க, கிராட்டன், கோல்ஸ், டோன்சின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1983-இல் சொன்ன முறை இருக்கிறது. நான் இருக்கிற பதிவில், கலந்த அலைகளைத் தனித்தனிக் கூறாகப் பிரிக்கும் ஐ.சி.ஏ. என்ற கணக்கு முறையைத்தான் ஓட்டினேன், சிமிட்டல் தனிக் கூறாகப் பிரிந்து வந்தது. அதை எடுத்தால் நெற்றிப் பக்கத்து மெதுவான மூளை அலையும் கொஞ்சம் சேர்ந்து போகும். ஆகவே அந்த அலைகளை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லப் போவதில்லை. ‘கண் அசைவுகள் நீக்கப்பட்டன’ என்று ஒரே வரியில் முடிக்கிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான். எப்படி நீக்கினீர்கள், எவ்வளவு போச்சு?
அண்ணனை மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். நாற்றங்கால் உழ டிராக்டர் கிடைத்துவிட்டால் வரமாட்டாராம்.