எலன் அம்மையாரும் எங்கள் ஊர்த் தண்ணீரும்

நான் படித்த காலத்தில் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து இந்தியப் பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகள் என்றாலே டொமெஸ்டிக் சயின்ஸ். பையன்கள் மரவேலை வகுப்புக்குப் போவார்கள், நாங்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஸ்கோன் சுடுவோம், பட்டன் தைப்போம், வீட்டை எப்படித் துடைப்பது என்று நோட்டில் எழுதுவோம். ஆயா, என் பாட்டி, அந்த நோட்டைப் பார்த்துவிட்டு "இதுக்கு ஒரு பள்ளிக்கூடமா?" என்று சிரிப்பார். ஆயா கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டு வேலையையும் விஞ்ஞானமாகப் பார்க்கலாம் என்று அமெரிக்காவில் அடித்தளம் போட்ட பெண்மணி ஸ்கோனுக்காக அதைச் செய்யவில்லை. அவர் ஒரு வேதியியலாளர், சாக்கடை கலந்த தண்ணீரைச் சோதிப்பதிலேயே வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவர். பெயர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். அவர் கதையில் பாதியை, அதுவும் முக்கியமான பாதியை, எங்கள் வகுப்பறைக்கு வரும் வழியில் எங்கேயோ விட்டுவிட்டார்கள்.

1842-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்ற கிராமத்தில் பிறந்தார். ஒரே பிள்ளை. அப்பா கடை வைத்தபோது கடையிலும் நின்றார். அப்புறம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, வீட்டு வேலையும் செய்து காசு சேர்த்து, 1868-ல், இருபத்தைந்து வயதில், வாசர் கல்லூரியில் சேர்ந்தார். வானியலாளர் மரியா மிட்செலிடம் படித்தார், கடைசியில் மனம் வேதியியலில் நின்றது. 1870-ல் பட்டம். அதே ஆண்டு டிசம்பரில் பாஸ்டனில் இருந்த எம்.ஐ.டி., அதாவது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அவரைச் சேர்த்துக்கொண்டது, அதுவும் கட்டணம் இல்லாமல். நம்மிடம் பணமில்லை என்று தெரிந்து இரக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மை வேறு. யாராவது எதிர்த்துக் கேட்டால் "அவர் எங்கள் மாணவியே இல்லை, பாருங்கள், கட்டணம் கூட வாங்கவில்லை" என்று தலைவர் சொல்லித் தப்பிக்க ஒரு வழி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இது முன்பே தெரிந்திருந்தால் போயிருக்கவே மாட்டேன் என்று எலன் பிறகு சொன்னார்.

1873-ல் எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கிய முதல் பெண் ஆனார். அந்த ஆண்டுகளில் ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, பேராசிரியர்களுக்குக் கிழிந்ததைத் தைத்துக்கொடுப்பாராம். படிப்பு இந்தப் பெண்ணைக் கெடுத்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற கணக்கு. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அவர் மேல் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் வேலைக்குப் போன பெரியம்மாவும் அப்படித்தான், விடியற்காலையிலேயே எழுந்து எல்லாருக்கும் ரொட்டி போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

1875-ல் எம்.ஐ.டி.யின் சுரங்கத் துறைப் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸைத் திருமணம் செய்தார். தேனிலவுக்குக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள், கூடவே ராபர்ட்டின் மாணவர் கூட்டமும் பாறை பார்க்க வந்தது. பாஸ்டனின் ஜமைக்கா பிளெய்ன் பகுதியில் இருந்த வீட்டையே இருவரும் சோதனைக்கூடமாக்கினார்கள்: சுவரோடு சுவராக விரித்திருந்த கம்பளங்களை எடுத்துவிட்டு உதறித் தட்டக்கூடிய சின்ன விரிப்புகள், நிலக்கரிக்குப் பதில் எரிவாயு, கெட்ட காற்று வெளியேற வழி. 1876-ல் பெண்களுக்கென்று ஒரு ஆய்வகம் திறக்கவைத்து, அதில் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்து, கைக்காசையும் போட்டார். 1883-ல் பெண்களையும் மற்றவர்களோடு சேர்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் அதை மூடினார்கள். மறு ஆண்டு முதல் எம்.ஐ.டி.யில் சுகாதார வேதியியல் ஆசிரியர். கடைசிவரை அந்தப் பதவிதான், பேராசிரியர் ஆக்கவேயில்லை.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

1887-ல் மாசசூசெட்ஸ் சுகாதார வாரியம் மாநிலத்தின் ஆறு, ஏரி, கிணறு எல்லாவற்றையும் சோதிக்க முடிவு செய்தது. ஆய்வகப் பொறுப்பு எலனிடம் வந்தது. மாதாமாதம் பாட்டில்கள் வந்து குவிந்தன, இரண்டு ஆண்டில் பல்லாயிரம் மாதிரிகள். அவர் கவனித்த பொருள்களில் ஒன்று குளோரின், அதாவது உப்பில் இருக்கிற குளோரைடு. கடலிலிருந்து காற்று உப்பை அள்ளிக்கொண்டு வருவதால் கரையோரக் கிணற்றில் அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும், உள்நாட்டுக்குப் போகப்போகக் குறையும். மனிதக் கழிவிலும் உப்பு இருக்கிறது, மண்ணில் வடிகட்டினாலும் அது போகாது. சுத்தமான நீர்நிலைகளில் எந்த ஊருக்கு எவ்வளவு இயல்பு என்று கணக்கெடுத்து, வரைபடத்தில் கடற்கரைக்கு ஏறக்குறைய இணையாகக் கோடுகள் போட்டார்கள். இனி ஒரு ஊர்க் கிணற்றில் அந்தக் கோட்டுக்கு மேல் உப்பு இருந்தால், மேலே எங்கேயோ கக்கூசோ சாக்கடையோ கலக்கிறது என்று சந்தேகப்படலாம். கிருமியைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாக இருந்த நாளில் இது எப்பேர்ப்பட்ட ஆயுதம்! அந்த ஆய்வின் தொடர்ச்சியாகத்தான் அமெரிக்காவில் முதல்முறையாக ஒரு மாநிலம் நீரின் தரத்துக்கு அளவுகோல் வைத்தது.

அழுக்கு வந்தால் வீட்டுக்காரியைத் திட்டாதே, அது வந்த வழியைத் தேடு என்பதுதான் அந்த வரைபடம் சொல்வது. நான் அப்படித்தான் வாசிக்கிறேன். அதனால்தான் இந்தக் கதை நம் ஊருக்கு வந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எலன் பாஸ்டனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1904 மார்ச்சில், ஜோஹன்னஸ்பர்க்கில் இந்தியர் குடியிருப்பில் பிளேக் வந்தது. இடத்தை நகரசபை முந்தைய ஆண்டே கையில் எடுத்துக்கொண்டு, பராமரிக்காமல் விட்டுவிட்டது. நெரிசல் தாங்கவில்லை, நோய் வரும் என்று காந்தி பிப்ரவரியிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். நோய் வந்ததும் செய்தது என்ன? குடியிருந்தவர்களை ஊருக்கு வெளியே கிளிப்ஸ்புருட்டுக்குக் கொண்டுபோய்க் கூடாரத்தில் வைத்துவிட்டு, குடியிருப்பைக் கொளுத்தினார்கள். சாக்கடை போடாதவன் மேல் குற்றமில்லை, சாக்கடை இல்லாத இடத்தில் வாழ்ந்தவன் அழுக்குப் பிடித்தவன். டர்பனில் மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பு இன்னொரு வேடிக்கை. நகரத்தைக் கூட்டிப் பெருக்கி, குப்பை அள்ளிய தமிழரும் தெலுங்கரும்தான் அங்கே இருந்தார்கள், நகரசபையே கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், குழாயும் கக்கூசும் பொதுவாக வைத்துக்கொண்டு. ஊரைச் சுத்தம் செய்தவர்களின் வீட்டுக்கு அந்தச் சுத்தம் வரவில்லை. 1960களில் அவர்களையும் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

எலனைப் புனிதராக்கவும் எனக்கு மனமில்லை. 1890-ல் அவரும் மேரி ஹின்மன் ஏபலும் பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கிச்சன் என்று ஒன்று திறந்தார்கள். ஏழைகளுக்குச் சத்துள்ள உணவு, மலிவு விலை, ஒவ்வொரு சூப்பும் ஆய்வகத்தில் அளந்து தயாரித்தது. சத்தெல்லாம் சரி, ருசி? குடியேறி வந்திருந்த ஐரிஷ்காரர்களும் இத்தாலியர்களும் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குப் பிடித்ததைத்தான் நான் தின்பேன் என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே சொன்னாளாம். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கிறது. நம் கரும்புத் தோட்டத்து முன்னோர்களுக்கும் ரேஷனில் அரிசியைக் குறைத்து மீலி மாவை, அதாவது மக்காச்சோள மாவை, கொடுத்தவர்கள் யாரும் அவர்கள் வாயைக் கேட்கவில்லை. அவர்கள் அந்த மாவையும் கூழாக்கி மாரியம்மனுக்கே படைத்துவிட்டார்கள் என்பது தனிக் கதை. எலனுக்கு இந்த விஷயம் புரிய நேரமானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சமையலறை அனுபவம் வீணாகவில்லை, 1894-லிருந்து பாஸ்டன் பள்ளிகளுக்கு மதிய உணவு அங்கிருந்து போனது.

1892-ல் ஜெர்மானியர் ஹெக்கலின் சூழலியல் என்ற கருத்தை எடுத்து, வீட்டையும் ஊரையும் சேர்த்துப் பார்க்கும் விஞ்ஞானமாக அதைப் பாஸ்டனில் அறிவித்தார். உயிரியல்காரர்கள் அந்தப் பெயரைத் தங்கள் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். 1899-லிருந்து லேக் பிளாசிடில் ஆண்டுதோறும் நடந்த கூட்டங்கள் வழியாக 1908-ல் அமெரிக்க மனையியல் (எங்கள் பள்ளியில் டொமெஸ்டிக் சயின்ஸ்) சங்கம் பிறந்தது, எலன்தான் முதல் தலைவர். 1907-ல் எழுதிய புத்தகத்தில் மனித சூழலியலைப் பற்றிப் பேசினார்: மனிதனைச் சுற்றியிருப்பது அவன் வாழ்க்கையை என்ன செய்கிறது என்ற படிப்பு. 1910-ல் யூதெனிக்ஸ் என்று இன்னொரு புத்தகம். அது யூஜெனிக்ஸ், அதாவது மனிதரில் 'நல்ல' பரம்பரையை மட்டும் பெருக்க வேண்டும் என்ற கொள்கை, தலைக்கேறியிருந்த காலம். நல்ல பரம்பரையை உண்டாக்குவது பிறகு, இப்போது உயிரோடு இருப்பவனுக்கு முதலில் நல்ல காற்றும் தண்ணீரும் கொடு என்றார். ஆனால் யூஜெனிக்ஸே கூடாது என்று அவர் சொல்லவில்லை. பரம்பரைப் பேச்சை வைத்தே நிறவெறிச் சட்டம் போட்ட நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை நான் தாண்டிப்போக முடியாது. 1910-ல் ஸ்மித் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1911 மார்ச் 30-ல் இறந்தார்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப்போனதும் எங்கள் பக்கம் மாதக்கணக்கில் லாரித் தண்ணீர்தான். வாளியோடு வரிசையில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் எதைக் கொதிக்கவைப்பது, எத்தனை நிமிடம் என்று தெரியும், அது வகுப்பில் படித்தது. இந்த லாரி எங்கே நிரப்புகிறது, யார் சோதித்தார்கள், தாளைக் காட்டு என்று கேட்டவர் வெகு சிலர். கேட்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் டர்பனின் தெற்கில் மெர்பேங்க் பக்கம் கேட்டார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே இந்தியர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம் அது, பிள்ளைகளுக்கு இழுப்பு அதிகம் என்று ஆராய்ச்சியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். 2000 வாக்கில் அங்கே குடியிருப்பவர்களே ஒரு பிளாஸ்டிக் வாளி, உள்ளே ஒரு பை, ஒரு வால்வு வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். முடிவில் பென்சீன் என்ற நச்சு வாயு இருந்தது. அதிகாரிகள் தங்கள் அளவைக் காட்டினால் இவர்கள் கையிலும் ஒரு அளவு இருந்தது.

எலனைப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: சமையலும் சுத்தமும் பற்றி 1882-ல் எழுதியது பிரபலம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1900-ல் உட்மன் என்பவரோடு சேர்ந்து காற்று, தண்ணீர், உணவு பற்றி எழுதியதை எடுங்கள், தண்ணீர் அத்தியாயங்களிலிருந்து தொடங்குங்கள். பழைய புத்தகம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.