விமான நிலையம் போன பிறகு வந்த படிவம்

பிரான்சில் நாந்த் நகரத்துக்கு வடமேற்கே நோத்ர் தாம் தே லாந்த் என்று ஒரு சின்ன ஊர். அங்கே விமான நிலையம் கட்ட 1960களிலேயே யோசித்து, 1974-ல் நிலத்தையும் குறித்து வைத்துவிட்டார்கள். எல்லாம் சதுப்பு, குளம், வயலைச் சுற்றி அடர்ந்த உயிர்வேலி. கிடப்பில் இருந்த திட்டத்தை 2000 வாக்கில் தூசி தட்டி எடுத்தார்கள், 2010-ல் ஒப்பந்தம் வான்சி என்ற பெரிய கட்டுமான நிறுவனத்துக்குப் போனது.

வெளியேற மறுத்த ஊர்க்காரர்கள், காலியாகக் கிடக்கும் வீடுகளிலும் வயல்களிலும் வந்து குடியேறுங்கள் என்று வெளியாட்களை அழைத்தார்கள். 2009-லிருந்து இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள், அதில் அரசின்மைவாதிகள் நிறைய, சொத்துரிமையையே ஏற்காதவர்கள். பக்கத்திலேயே நிலப் பத்திரத்தோடு கோர்ட்டுக்கு அலையும் பால் பண்ணைக்காரர்கள். 2012 அக்டோபரில் போலீஸ் குடிசைகளை இடித்தது. அடுத்த மாதமே பல்லாயிரம் பேர் பலகையும் சுத்தியலுமாக வந்து திரும்பக் கட்டினார்கள், விவசாயிகள் அவற்றைச் சுற்றி டிராக்டர்களை நிறுத்திக் காவல் காத்தார்கள். வழக்கு, உண்ணாவிரதம், அங்குள்ள செடிகொடிகளையும் உயிரினங்களையும் கணக்கெடுப்பது, சாலையில் தடுப்பரண் எல்லாம் சேர்ந்தே நடந்தன. 2016-ல் அந்த மாவட்டத்தில் நடந்த வாக்கெடுப்பில் 55 சதவீதம் பேர் விமான நிலையம் வேண்டும் என்றார்கள், அப்படியும் 2018 ஜனவரி 17 அன்று அரசு திட்டத்தைக் கைவிட்டது.

நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான். ஏப்ரலில் சுமார் 2,500 போலீஸை இறக்கி மறுபடி இடித்துக்கொண்டே அரசு ஒரு நிபந்தனை போட்டது: இங்கே இருக்க விரும்புகிறவர் தன் பெயரைப் போட்டு, தனக்கென்று ஒரு விவசாயத் திட்டத்தைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். விமான நிலையம் போனால் போகட்டும், நிலத்தைப் பொதுவில் வைத்து வாழும் பழக்கம் மட்டும் மிஞ்சக் கூடாது என்ற கணக்குதான் அது என்று நினைக்கிறேன். உள்ளே பெரிய சண்டை. கையெழுத்துப் போட்டால் சரணடைந்த மாதிரி என்று ஒரு பக்கம், போடாவிட்டால் எல்லாமே போய்விடும் என்று இன்னொரு பக்கம். கடைசியில் பலர் நிரப்பினார்கள், ஆனால் ஒருவர் திட்டம் அடுத்தவர் திட்டத்தோடு பின்னிக் கிடக்கும்படி, எதையும் தனியாகப் பிரித்துத் தள்ள முடியாதபடி, சுமார் 40 படிவங்களை ஒரே கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இதை ஏற்காமல் போனவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. கூட நின்றவர்களே கைவிட்டார்கள் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் கையெழுத்துப் போட்டவர்களை என்னால் துரோகிகள் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அவர்கள் அங்கே இருந்ததால்தான் இன்றும் அந்த நிலத்தில் கூட்டாக மாடு வளர்க்கிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள், காட்டைப் பராமரிக்கிறார்கள், நிலம் தனியார் கைக்குப் போகாமல் வாங்கி வைக்க ஒரு பொது நிதியும் வைத்திருக்கிறார்கள். 2021-ல் 'மண்ணின் எழுச்சிகள்' என்ற சுற்றுச்சூழல் போராட்ட இயக்கம் பிறந்ததும் இங்கேதான். 2023 ஜூனில் அரசு அதைக் கலைக்க ஆணை போட்டது, நவம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.