விடாத பிரேக்

போனில் பேசியவர், "தம்பி, ரெண்டு சக்கரமும் பிடிச்சுக்கிச்சு, வண்டிய ஒரு அடி நகத்த முடியல" என்றார். என்ன வண்டி சார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "ஏரோப்பிளேன்" என்றார்.

வேலூர் கொணவட்டத்தில் 26 வருடமாகப் பிரேக் வேலை பார்க்கிறேன். லாரி, வேன், கார் எல்லாம் வரும். அப்துல்லாபுரம் விமான ஓடுதளம் எங்கள் பட்டறைக்குப் பக்கம்தான், ஆனால் அதன் வேலிக்குள் நான் போனதே இல்லை. இவருடைய விமானம் இருந்ததோ ஆற்காட்டுப் பக்கம், பாலாற்றங்கரையை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில், தகரக் கொட்டகைக்குள். விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்துப் பல வருடம் உட்கார்ந்து தானே பூட்டிய, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் அரசுத் துறையான டிஜிசிஏவின் அனுமதி வராமல் அதைப் பறக்கவிடக் கூடாது. தோப்பு வழியில் எஞ்சினை ஓட்டி நூறடி போய்த் திரும்புவதோடு சரி. அதுவும் மூன்று வருடமாக இல்லை. நான் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "சார், நான் கழட்டி சுத்தம் பண்ணிப் பூட்டித் தர்றேன். பறக்கலாம்னு கையெழுத்து போடறது அதுக்கு லைசென்ஸ் உள்ளவங்க வேல." அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

பிரேக் பிடித்துக்கொண்ட வண்டி வந்தால் நான் முதலில் சுத்தியலை எடுப்பதில்லை. பிரேக் எண்ணெயில் சேர்ந்த காற்றை வெளியே விடும் சின்ன மரையாணியை, அதாவது நிப்பிளை, கால் சுற்றுத் தளர்த்துவேன். எண்ணெய் பீச்சியடித்துச் சக்கரம் சுற்றினால், பிஸ்டனால் பேடை அழுத்திச் சக்கரத்தைப் பிடிக்கும் காலிப்பரில் குற்றமில்லை, அழுத்தம் மேலே எங்கேயோ அடைபட்டு நிற்கிறது என்று அர்த்தம். எண்ணெய் வெளியே வந்தும் சக்கரம் அசையவில்லை என்றால் காலிப்பரிலேயே இறுகியிருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் நல்ல காலிப்பரை அடித்து உடைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இடது சக்கரத்தில் நிப்பிளைத் தளர்த்தினேன். சர்ரென்று எண்ணெய் அடித்தது, சக்கரம் கையோடு சுற்றியது. வலதில் நாலு சொட்டு கசிந்ததோடு சரி. சக்கரம் கல் மாதிரி நின்றது. ஒரே விமானம், ஒரே எண்ணெய், இரண்டு சக்கரத்துக்கும் வேறு வேறு நோய்.

இந்த மாதிரி விமானத்தில் இடது காலுக்கும் வலது காலுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர், பெடலை மிதித்தால் எண்ணெயை அழுத்தித் தள்ளுவது அதுதான். இடது பெடலை மிதித்தால் இடது சக்கரம், வலது பெடலை மிதித்தால் வலது சக்கரம். மெதுவாக ஓடும்போது ஒரு பக்கப் பிரேக்கை மிதித்தே விமானத்தைத் திருப்புகிறார்கள். காரில் நாலு சக்கரத்தில் ஒன்று பிடித்தால் வண்டி இழுக்கும், நாம் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சமாளிப்போம். இறங்கும் வேகத்தில் ஒரு சக்கரம் விடாமல் பிடித்தால் விமானம் அந்தப் பக்கமாகச் சுழன்று போகும். அவர் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். அதைப் பார்த்த பிறகு எனக்கு ஸ்பேனர் பிடிப்பதிலேயே ஒரு கவனம் வந்தது.

பீச்சியடித்த எண்ணெயைத் துணியில் துடைக்காமல் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்திருந்தேன். விமானத்துக்குச் சிவப்பு எண்ணெய். 5606 என்று எண் போட்டு வரும், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய். பாட்டிலை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால், மேலே வெளிறிய சிவப்பு, கீழே கலங்கிய பழுப்பு, நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு பிரிவு. கீழே இருந்ததை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டேன். மிதக்காமல் கரைந்தே போனது. சந்தேகமே இல்லை, அது கார் பிரேக் ஆயில்.

அவரிடம் பாட்டிலைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் ஊத்துனேன்" என்றார். 2020 ஊரடங்கில் எண்ணெய் குறைந்திருக்கிறது, சிவப்பு எண்ணெய் கிடைக்கவில்லை. ஆற்காட்டு ஸ்பேர் கடையில் இருந்ததை வாங்கிக் கொஞ்சம்தானே என்று ஊற்றியிருக்கிறார். எல்லாம் தெரிந்த மனிதர். அந்த நாட்களில் கடை திறந்திருந்ததே பெரிய விஷயம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ரப்பருக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. சிவப்பு எண்ணெய்க்கு நைட்ரைல் என்ற ரப்பரில் செய்த ஓரிங், எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம். கார் பிரேக் ஆயில் பட்டால் அது ஊறி உப்பிவிடும். கார் பிரேக்கின் ரப்பர் வாஷரில் சிவப்பு எண்ணெயோ எஞ்சின் ஆயிலோ பட்டால் அதுவும் அப்படித்தான் கெடும். இடது மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியபோது தெளிவாகத் தெரிந்தது. ஓரிங் உப்பி, தண்டு முழுசாகத் திரும்பாமல், எண்ணெய் மேலே போகும் சின்னத் துளை மூடியே இருந்தது. மே மாத வெயிலில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் எண்ணெய் விரிந்து போக வழியில்லாமல் பிஸ்டனை இன்னும் இறுக்கியிருக்கிறது.

பழைய ஓரிங்கைப் புதியதன் மேல் வைத்துப் பார்த்தோம். ஒரே அளவில் வந்த இரண்டு வளையங்கள், பழையது சுற்றிலும் புதியதைத் தாண்டி வெளியே நின்றது. அவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

வலது பக்கம் வேறு கதை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அப்போது தோப்புக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது. கொட்டகைத் தரை வலது பக்கம் சாய்வு, அந்தச் சக்கரம் அச்சு வரை நாலு நாள் தண்ணீரில் நின்றிருக்கிறது. இந்தக் காலிப்பர் இரண்டு இரும்புப் பின்களின் மேல் அப்படியும் இப்படியும் நகர வேண்டியது. பின்கள் துருப்பிடித்து அலுமினியத் தகட்டோடு ஒன்றாகியிருந்தன. பிஸ்டனும் உள்ளே இறுகியிருந்தது. கார் பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் குணம் உண்டு, உள்பக்கத்தை அது கெடுத்திருக்கும்.

என் பட்டறைப் பையன் உடனே கேஸ் டார்ச்சைக் கொண்டுவந்தான். திருப்பி அனுப்பினேன். அலுமினியத்தை நெருப்பில் காட்டினால் அதன் பலமே போய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது. அதோடு சிவப்பு எண்ணெயின் ஆவி 82 டிகிரிக்கு மேலேயே தீப்பிடிக்கலாம். பின்களுக்கு எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்து, ஹாட் ஏர் கன்னால் தகட்டை மட்டும் தொட முடியாத அளவுக்குச் சூடாக்கினேன். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் ஓட்டை தளரும். இழுக்கவில்லை, முறுக்கினேன். முன்னே ஒரு இழை, பின்னே ஒரு இழை. பத்து நிமிடத்தில் முதல் பின் திரும்பியது.

பிஸ்டனுக்கு இந்தச் சூடு உதவாது. பிஸ்டனும் அலுமினியம், உடலும் அலுமினியம், இரண்டும் சேர்ந்தே விரியும். "ஏர் அடிச்சிடலாம் அண்ணே" என்றான் பையன். அவனுக்கு என் இடது ஆள்காட்டி விரலைக் காட்டினேன். வேலை கற்ற காலத்தில், ஒரு பட்டறையில், கம்ப்ரஸர் காற்றை விட்டுப் பிஸ்டனை எடுக்கப் போய் அது குண்டு மாதிரி பாய்ந்து விரல் நுனியை நசுக்கியது. இன்று வரை அந்த நுனி மடங்காது. இந்தப் பிஸ்டன் விட்டம் 38 மில்லிமீட்டர். பட்டறைக் காற்று சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ அழுத்தம் என்றால் பிஸ்டனைத் தள்ளும் விசை 90 கிலோவுக்கு வரும். காற்று சுருங்கி நிற்பது, பிஸ்டன் விடுபட்டதும் மொத்தமாக விரிந்து அடிக்கும். எண்ணெயும் கிரீஸும் அப்படியில்லை. பிஸ்டன் கொஞ்சம் நகர்ந்ததும் அழுத்தம் விழுந்துவிடும்.

என் பட்டறையில் பலகையில் பொருத்திய பழைய அம்பாசடர் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று உண்டு, காருக்கெல்லாம் அதை வைத்துத்தான் எடுப்பேன். அதில் இருப்பதோ கார் பிரேக் ஆயில். இதே விமானத்துக்கு அதை இரண்டாவது தடவை உள்ளே விட நான் தயாராக இல்லை. அதனால் கிரீஸ் கன். மரை ஒத்துவரவில்லை, ராணிப்பேட்டையில் ஒரு லேத்துக்காரரிடம் பித்தளையில் அடாப்டர் போட்டு வந்தார் சார்.

நாலு அழுத்து அழுத்தினேன், கன் இறுகிவிட்டது, பிஸ்டன் வரவில்லை. மேலும் பலம் கொடுக்கவில்லை. அழுத்தத்தை விட்டுவிட்டு, சி கிளாம்ப் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளினேன். வெளியே வர வேண்டியதை ஏன் உள்ளே தள்ளுகிறீர்கள் என்று சார் கேட்டார். இறுகியது வரும் பக்கம்தான் விடும் என்றில்லை, எந்தப் பக்கமாவது ஒரு முடி அளவு அசைந்தால் பிடி உடைந்துவிடும். மூன்றாவது தடவை உள்ளே தள்ளியபோது டிக் என்று ஒரு சத்தம், கையில்தான் முதலில் தெரிந்தது. அதற்கப்புறம் கிரீஸ் கன்னின் ஒவ்வொரு அழுத்துக்கும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வந்தது. வாய்ப்பக்கம் மரக்கட்டை வைத்திருந்தேன், அதன் மேல் மெத்தென்று வந்து உட்கார்ந்தது. பிஸ்டனைச் சுற்றி வெள்ளையாக, சுண்ணாம்பு காய்ந்த மாதிரிப் பொடி. அலுமினியம் அரித்தால் இப்படித்தான் பூக்கும். அந்தப் பொடி இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் பிஸ்டன் நகராது.

ஸ்பிரிட்டால் கழுவித் துடைத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். ஓரிங் ஓடும் பாதையில் ஒரு குழி, கடுகு அளவுகூட இல்லை. நகத்தை வைத்து இழுத்தேன், நகம் மாட்டியது. எமரி போட்டு அழுத்தித் தேய்த்தால் குழி மறையலாம், ஆனால் மேலே இருக்கும் கடினமான பூச்சும் போய்விடும், அளவும் போய்விடும். "இத நான் பூட்ட மாட்டேன் சார்" என்றேன். அவருக்கு வருத்தம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், சும்மா இல்லை. இரண்டு மூன்று தடவை டார்ச்சை வாங்கிப் பார்த்தார். தன் விரல் நகத்தையே வைத்தும் இழுத்துப் பார்த்தார். அப்புறம் "சரி தம்பி, ஆர்டர் போடறேன்" என்று உள்ளே போனார். மத்தியானம் அவர் வீட்டில் முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு. சாப்பிடும்போது பிரேக்கைப் பற்றி இருவருமே பேசவில்லை.

புதிய காலிப்பர் உடல் வந்து சேர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் குழாய்கள் எல்லாவற்றையும் ஸ்பிரிட் விட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, சிவப்பு எண்ணெயை விட்டு வடித்து, எல்லா ஓரிங்கையும் மாற்றியிருந்தோம். பின்களில் கிரீஸ் வைக்கவில்லை, அது மண்ணைச் சேர்க்கும். காய்ந்துபோகும் வகை ஸ்பிரேதான் அடித்தோம். இதில் ஏர் எடுப்பதும் நம் வழக்கத்துக்கு நேர் எதிர். பெடலை மிதித்துக் கீழே விடுவதில்லை. நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே எண்ணெயைத் தள்ள வேண்டும், குமிழி தானாக மேலே ஏறிப் போய்விடும். நான் கீழே உட்கார்ந்து தள்ள, சார் மேலே டப்பாவைப் பார்த்துக் குமிழி, குமிழி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் குரல் நின்றது. மூடியை மாட்டி, அதன் மேல் ஒரு டேப் ஒட்டி, "சிவப்பு மட்டும்" என்று தன் கையாலேயே பெரிதாக எழுதினார்.

ஜாக்கியில் நின்ற சக்கரத்தை நான் சுற்றிவிட்டேன். பேடு லேசாக உரசும் சத்தத்தோடு சுற்றியது. பையனைப் பெடலை மிதிக்கச் சொன்னேன், நின்றது. காலை எடுக்கச் சொன்னேன். சார் குனிந்து, தானே ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது தானாக நிற்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.