பாட்டி நட்ட மரம்

சீனாவில், ஹூனான் மாகாணத்தின் சிறு நகரம் ஒன்றில், ஓர் உயர்நிலைப் பள்ளியில், 2023 செப்டெம்பரில் பேச்சு ஆங்கிலம் கற்பிக்கச் சேர்ந்தேன். முதல் இரண்டு ஆண்டு மாணவர்களும் வாரத்துக்கு ஒரு பாடவேளை என்னிடம் வருவார்கள். மூன்றாம் ஆண்டு என் கைக்கு வராது. 'காவ் சான்' என்று அவர்கள் சொல்லும் அந்தக் கடைசி வருடத்தில், விடிந்தும் விடியாமலே வாய்விட்டு வாசிக்கும் சத்தம் தொடங்கிவிடும். வகுப்பறை விளக்கு அணைய இரவு பத்து மணியாகும். பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையான காவ்காவின் மொத்தப் புள்ளியில் ஆங்கிலம் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. புள்ளி இல்லாத ஒன்றுக்கு அந்த வருடத்தில் யார் நேரம் ஒதுக்குவார்கள்?

ஒக்டோபரில் ஒரு நாள், மூன்றாம் ஆண்டுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை என் மேசைக்கு வந்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. மாணவர்கள் கூப்பிடுவதுபோல லாவ்ஷி என்றே சொல்கிறேன். ஆசிரியர் என்று பொருள். கையில் ஒரு கிரகித்தல் பயிற்சித் தாள் வைத்திருந்தார். இரவுப் படிப்பு நேரத்தில் அதை நான் வகுப்புக்கு விளக்க முடியுமா என்று கேட்டார். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்குப் போனவன் நான். அதன் பிறகு படித்தது, வேலை பார்த்தது, சண்டை பிடித்தது எல்லாமே ஆங்கிலத்தில்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிரகித்தல் தாள் எனக்கு என்ன பாரம் என்று நினைத்தேன்.

தாளின் அமைப்பை லாவ்ஷி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஆங்கிலத்துக்கு மொத்தம் 150 புள்ளி. நான்கு வாசிப்புப் பகுதிகள்; முதல் பகுதியில் 3 கேள்வி, மற்ற மூன்றிலும் நான்கு நான்கு. அதன் பிறகு ஐந்து இடங்களில் வாக்கியம் விடுபட்ட ஒரு கட்டுரை வரும். கீழே ஏழு வாக்கியம் கொடுத்திருப்பார்கள். பொருந்துகிற ஐந்தை எடுத்து மிஞ்சும் இரண்டைத் தள்ள வேண்டும். இந்த 20 கேள்விக்கும் தலைக்கு 2.5 புள்ளி, ஆக 50. தாளில் மூன்றில் ஒரு பங்கு. இதை முடிக்க 35 நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது லாவ்ஷியின் கணக்கு. கேட்டல் பகுதியும் எழுத்துப் பகுதியும் மிச்ச நேரத்தை விழுங்கிவிடுமாம்.

அன்று மாலை அறையில் உட்கார்ந்து செய்து பார்த்தேன். வாசிப்புப் பகுதிகளின் 15 கேள்வியில் ஒன்று பிழை. அதுவும் கடைசிப் பகுதியில்.

அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்தவர்களுக்கு, சும்மா நின்று பார்த்தவர்களைவிட அவை குறைவாகவே நினைவில் நின்றன என்ற ஆய்வு பற்றியது அந்தப் பகுதி. 2014இல் வெளியான ஆய்வு அது. முன்பே எங்கோ வாசித்திருந்தேன். அதனால் கண் வரிகளின் மேல் ஓடியதே தவிர, வாசிக்கவில்லை. 'படம் எடுப்பது நினைவைக் கெடுக்கும்' என்ற தெரிவைக் குறித்துவிட்டேன். கடைசிப் பந்தியில் 'ஹவ்எவர்' என்று ஒரு வரி தொடங்குகிறது. பொருளின் ஒரு பாகத்தை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு நினைவு அப்படிக் குறையவில்லை. எப்படி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதுதான் சரியான விடை.

வகுப்பில் அந்தக் கேள்வி வந்தபோது, நான் குறித்த விடையையே குறித்திருந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல். ஏன் அது பிழை என்று ஒரு பையன் கேட்டான். கடைசிப் பந்தியைச் சொன்னேன். இன்னொரு கேள்விக்கு ஏன் மூன்றாவது தெரிவு சரி, இரண்டாவது ஏன் சரியில்லை என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "மூன்றாவதுதான் பொருந்துகிறது" என்றேன். அவள் தலையாட்டவில்லை. விரலைத் தாளில் வைத்தபடியே, "எந்த வரியில் இருக்கிறது?" என்றாள். எனக்கு விடை தெரியும். அந்த வரியைக் காட்டத் தெரியவில்லை. பின்வாங்கில் உட்கார்ந்திருந்த லாவ்ஷி எழுந்து வந்து, இரண்டாவது பந்தியில் ஒரு வினையடையின் கீழே கோடு போட்டார். இரண்டாவது தெரிவில் 'எப்போதும்' என்று இருந்தது. பகுதியில் 'பெரும்பாலும்' என்றுதான் இருந்தது. அந்தப் பெண் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அனுமதி கேட்டு லாவ்ஷியின் வகுப்புகளில் போய் உட்கார்ந்தேன். ஐந்து மாதம் அப்படி உட்கார்ந்திருப்பேன்.

லாவ்ஷி ஹூனானிலேயே ஒரு கிராமத்துப் பெண். ஆங்கில எழுத்தை முதன்முதல் கண்டது பன்னிரண்டு வயதுக்குப் பிறகு. காவ்காவ் எழுதியது 1998இல். அப்போது பரீட்சை ஜூலையில் நடந்தது. 2003இல்தான் ஜூனுக்கு மாற்றினார்கள். வியர்வை சொட்டித் தாள் நனையாதிருக்க முழங்கையின் கீழ் துவாய் விரித்துக்கொண்டு எழுதினாராம். பல்கலைக்கழக இடங்களை அரசு பெருக்கியது அதற்கு அடுத்த வருடம். அவர் எழுதிய வருடத்தில் மூன்று பேரில் ஒருவருக்குத்தான் இடம். ஆங்கிலத்தின் ஒவ்வொரு படியையும் காலால் எண்ணி ஏறியவர் என்பதால், எந்தப் படியில் யார் தடுக்குவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தவறான விடையைப் பார்த்தே, மாணவன் எந்தச் சொல்லில் வழி மாறினான் என்று சொல்லிவிடுவார். பரீட்சை ஆங்கிலம், உண்மையான ஆங்கிலம் என்று பிரித்துப் பேசும் பழக்கம் எனக்கு இருந்தது. அவர் வகுப்பில் உட்கார்ந்த பிறகு அப்படிப் பேச எனக்கு வாய் வரவில்லை. 'எப்போதும்' என்பதற்கும் 'பெரும்பாலும்' என்பதற்கும் வேறுபாடு பார்க்கத் தெரிந்தவர்தான் உண்மையில் வாசிக்கிறார்.

டிசம்பரில் ஹூனான் குளிர் எலும்புக்குள் இறங்கும். வடக்கில் இருப்பதுபோல மையச் சூடாக்கம் இங்கே இல்லை. பிள்ளைகள் மேலங்கியைக் கழற்றாமலே, மடியில் சுடுதண்ணீர்ப் பையோடு இருந்து படிப்பார்கள். அப்படி ஓர் இரவில்தான் அந்த நெல் வாக்கியம் வந்தது. லாவ்ஷி தானே எழுதிய பயிற்சி வாக்கியம். ஆங்கிலத்தின் ஒழுங்கில் சொன்னால் இப்படி வரும்: கமக்காரர், விற்றவர்கள் நெல்லை, அயலவர் சேமித்தது, திரும்பினர் ஊருக்கு. யார் திரும்பினார்கள்? மூன்றாம் வரிசைப் பெண் அயலவர் என்று எழுதியிருந்தாள். சேமித்தது அயலவர், அதை அடுத்து வருகிறது 'திரும்பினர்'. பக்கத்தில் நின்ற ஆளைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

சொற்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். 3500 சொற்கள் என்று இங்கே ஒரு கணக்கு உண்டு, அந்தப் பட்டியலை அவள் இரண்டு தரம் முடித்தவள். இடைவேளையில் விறாந்தையில் அவளுக்கு மூன்று முறை விளக்கிப் பார்த்தேன். மூன்றாவது முறையும் அதே வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் மரியாதைக்காகத் தலையாட்டினாள்.

இரவு அறைக்கு வந்தும் அந்த வாக்கியம் விடவில்லை. தமிழில் சொல்லிப் பார்த்தேன். 'அயலவர் சேமித்த நெல்லை விற்ற கமக்காரர் ஊர் திரும்பினர்.' எவருக்கும் குழப்பமில்லை. திரும்பியது கமக்காரர், வினைக்கு முன்னால் அவர்கள்தான் நிற்கிறார்கள். பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் தமிழ் முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் பெயரைச் சொல்கிறது. ஆங்கிலம் பெயரைப் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் விளக்கத்தைத் தொங்கவிடுகிறது. அப்போதுதான் ரொறன்ரோவில் முதல் வருடம் நினைவுக்கு வந்தது. வந்தேறிப் பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பில் நானும் வாக்கியத்தின் வாலைப் பிடித்து முன்னுக்கு இழுத்துத்தான் வாசித்தேன். அந்த வேலையை எந்த வருடம் விட்டேன் என்றே தெரியவில்லை. சரளம் வந்ததும் வந்த வழி மறைந்துவிட்டது.

சீனம் எப்படி? எனக்குத் தெரிந்த கொஞ்சச் சீனத்தில் ஒரு சிறு தொடரைக் கட்டிப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் லாவ்ஷியிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். கரும்பலகையில் தமிழ் எழுத்தில் 'பாட்டி நட்ட மரம்' என்று எழுதினேன். வகுப்பு நிமிர்ந்து பார்த்தது. அவர்கள் தமிழ் எழுத்தைக் கண்டது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் சீனச் சொல்லை எழுத அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். பாட்டிக்கு 'நைநை'. நடுவதற்கு 'ட்சோங்'. மரத்துக்கு 'ஷு'. நடுவில் நிறுத்தி, 'நட்ட' என்பதன் கடைசி அகரத்தை வட்டமிட்டு, இது அடுத்து வரும் பெயரோடு ஒட்டும், உங்களிடம் இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், 'த' என்று எழுதினாள். நைநை ட்சோங் த ஷு. பாட்டி நட்ட மரம். சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை.

அதன் கீழே ஆங்கிலம்: 'த ட்ரீ தட் கிராண்ட்மா பிளாண்டட்.' மரம் முன்னால் வந்துவிட்டது. வகுப்பில் ஒரு சலசலப்பு. "அப்படியென்றால் உங்களுக்கும் இது தலைகீழா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம், எனக்கும் தலைகீழ்தான் என்றேன். அந்த வகுப்பு என்னை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. ஆங்கிலம் பிறவியிலேயே வந்தவர், நமக்கு எட்டாதவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள்.

தமிழும் சீனமும் எல்லாவற்றிலும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. வினை எங்கே நிற்பது என்பதில் சீனம் ஆங்கிலத்தின் பக்கம், தமிழ் தனி. ஆனால் இந்த ஓர் இடத்தில் நானும் அந்தப் பிள்ளைகளும் ஒரே கரையில் நின்றோம். நெல் வாக்கியத்தை அவர்களே எடுத்தார்கள். பெயரைக் கண்டதும் வட்டம், அதன் பின்னால் தொங்குவதற்கு அடைப்பு, அடைப்புக்குள் இருப்பதைப் பெயருக்கு முன்னால் கொண்டுபோய்ச் சொல்லிப் பார்ப்பது. லாவ்ஷி இன்னொன்றும் சேர்த்தார்: நெல், அயலவர் என்று இரண்டு பெயர் இடையில் எதுவுமின்றி அடுத்தடுத்து நின்றால், நடுவில் இருக்க வேண்டிய இணைப்புச் சொல்லை ஆங்கிலம் விழுங்கிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். பிறகு என்னிடம் தனியாக எச்சரித்தார். எல்லா வாக்கியத்தையும் இப்படிப் புரட்டினால் 35 நிமிடம் போதாது, சிக்கும் இடத்தில் மட்டும் செய்யட்டும் என்றார். அவர் சொன்னது சரி. ஒரு சில பிள்ளைகள் புரட்டுவதிலேயே நேரத்தைத் தொலைத்ததைப் பின்னர் கண்டேன்.

இந்தப் பயிற்சியில் எனக்கு ஒப்பாத ஒன்றும் உண்டு. கேள்வியை முதலில் வாசித்து, அதிலுள்ள சொல்லைப் பகுதியில் தேடிப் பிடித்து, அந்த வரியோடு நின்றுவிடும் பழக்கம் பல பிள்ளைகளிடம் ஊறியிருந்தது. பரீட்சை நேரத்துக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நாளுக்கு நான்கு பகுதி வாசித்தும் அவை எதைப் பற்றியவை என்று சொல்லத் தெரியாமல் ஒரு பிள்ளை தூங்கப் போவது எனக்கு வலித்தது. அதனால் மாசி மாதத்திலிருந்து, சனி மாலைகளில் விரும்பியவர்களுக்கு மட்டும் கேள்வியே இல்லாத ஒரு பக்கம் கொடுத்தேன். ஐந்தாறு பேர் வந்தார்கள். அந்தப் பெண் வந்தாள். படம் எடுத்த ஆய்வைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை தேடித் தரச் சொன்னாள். பரீட்சைத் தாளில் எல்லாமே பாதியில் நின்றுவிடுகிறது, பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாமல் எரிச்சலாக இருக்கிறது என்றாள். தேடிக் கொடுத்தேன். இரண்டு வாரம் எடுத்தாள். ஓரமெல்லாம் வட்டமும் அடைப்பும்.

2024இல் நாடு முழுவதும் 1 கோடி 34 இலட்சம் பேர் காவ்காவுக்குப் பதிவு செய்திருந்தார்கள். ஜூன் 8ஆம் தேதி பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை ஆங்கிலம். பரீட்சை நிலையத்துக்கு முன்னால் தெருவை மறித்திருந்தார்கள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த கட்டட வேலையையும் நிறுத்தியிருந்தார்கள். அத்தனை பெற்றோர் நின்றும் சத்தமே இல்லை. லாவ்ஷி நற்குறியாக, 'சீப்பாவோ' என்ற சீனப் பாரம்பரிய உடையைச் சிவப்பு நிறத்தில் உடுத்து வந்திருந்தார். அவர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து மணிக்குப் பிறகு அந்தப் பெண் வெளியே வந்தாள். எங்களைக் கண்டதும் ஓடி வந்து, "மூன்றாவது பகுதியில் ஒரு வாக்கியம், லாவ்ஷி, ஒரு பெயருக்குப் பின்னால் இரண்டு அடுக்காக..." என்று தொடங்கி, இடது உள்ளங்கையில் வலது விரலால் அடைப்புப் போட்டு, அதை முன்னுக்கு இழுத்துக் காட்டினாள். சரியாக எடுத்தாளா என்று கேட்க வாயெடுத்தேன். பரீட்சைகள் முடியும்வரை விடை பேசுவது லாவ்ஷியிடம் நடக்காது. அவர் அந்த உள்ளங்கையைப் பிடித்து மூடினார்.

"நாளைக் காலையில் இரசாயனவியல். போய்ச் சாப்பிடு."