ஓடையில் மீன் ஏற வழிவிடுவதற்கு வாங்கிய அனுமதிகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எங்கள் நிலத்தின் நடுவே ஓடும் சிற்றோடை, வீட்டுப் பாதையைக் கடக்கும் இடத்தில் ஒரு பழைய இரும்புக் குழாய்க்குள் நுழைந்து வெளியேறுகிறது. குழாயின் கீழ்வாய் தரைமட்டத்தை விட்டு உயர்ந்து நின்றது. இலையுதிர் காலத்தில் முட்டையிட வரும் கோஹோ சால்மன்கள் அதன் கீழிருந்த மடுவில் கூடி, துள்ளித் துள்ளி இரும்பு விளிம்பில் மோதி விழுவதைப் பார்த்த பிறகு, அதை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மீனுக்கு நன்மை செய்யும் வேலைக்குமா அனுமதி என்றுதான் முதலில் தோன்றியது. ஓடையின் படுகையையோ நீரோட்டத்தையோ மாற்றும் வேலை எதுவானாலும், மாநில மீன், வனவிலங்குத் துறையின் ‘ஹைட்ராலிக் ப்ராஜெக்ட் அப்ரூவல்’ என்ற நீர்நிலைப் பணி ஒப்புதல் கட்டாயம். நல்ல நோக்கத்தோடு தோண்டினாலும், கிளம்பும் வண்டல் கீழே சரளைக்குள் இருக்கும் முட்டைகளை மூச்சடைக்க வைத்துவிடும் என்று அறிந்தபோது, அந்தக் கட்டாயம் எனக்கு நியாயமாகவே பட்டது.

மீன் வாழிடத்தை மேம்படுத்தும் பணிகளுக்கென மாநிலச் சட்டத்தில் ஒரு சுருக்க வழி உண்டு. மனிதர் வைத்த தடையை அகற்றுவது அதில் அடங்கும். ஆனால் உரிமையாளரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. சட்டம் குறிப்பிடும் அமைப்புகளில் ஏதேனும் ஒன்று திட்டத்தை ஏற்க வேண்டும். தகுதி பெற்றுவிட்டால் மாநிலச் சுற்றுச்சூழல் மதிப்பாய்வும், உள்ளூர் அனுமதிகளும் அவற்றின் கட்டணங்களும் இல்லை. உள்ளாட்சி கருத்துச் சொல்ல 15 நாள், துறை முடிவெடுக்க 45 நாள்.

இந்த விலக்கு கூட்டாட்சி அரசையும் கட்டுப்படுத்தும் என்று நான் எண்ணியது தவறு. 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவின் கீழ் ராணுவப் பொறியாளர் படையின் ஒப்புதல் தனியே வேண்டும். வாழிட மீட்புக்கென இருக்கும் ‘நேஷன்வைட் பெர்மிட் 27’ எங்களுக்குப் பொருந்தியது. ஆயினும் பியூஜெட் சவுண்ட் கடற்கழிப் பகுதியின் சினூக் சால்மன் 1999 முதல் ‘அச்சுறுத்தலுக்குள்ளான’ இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால் அதற்கான கலந்தாய்வும், தொல்பொருள் குறித்த ஆய்வும் முடிய வேண்டியிருந்தது. ‘ஜார்ப்பா’ என்ற ஒரே கூட்டு விண்ணப்பப் படிவத்தையே எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பலாம் என்பது ஆறுதல். பதில்கள் மட்டும் வெவ்வேறு வேகத்தில் வந்தன.

என்னைப் பின்னுக்கு இழுத்தது நாடாவால் நான் எடுத்த ஓர் அளவு. புதிய குழாயின் அகலத்தைக் கணக்கிட, கரை நிரம்ப ஓடும் அகலத்தை 1.2ஆல் பெருக்கி 2 அடி கூட்டுவது ஒரு வழி. நான் குழாயை ஒட்டிய மடுவிலேயே அளந்து 11 அடி என்று எழுதினேன். நேரில் வந்த உயிரியலாளர், மடு குழாயின் வேகத்தால் குடையப்பட்டு விரிந்தது என்று விளக்கி, குழாயின் பாதிப்பு எட்டாத தொலைவுக்கு மேலோடையில் என்னை அழைத்துச் சென்றார். அங்கே கரைச்சரிவு மட்டமாகத் திரும்பி, நிலைத்த செடிகள் தொடங்கும் கோட்டைக் கைவைத்துக் காட்டினார். இரு கரைக்கும் இடையே 8 அடிதான். 15.2 அடிக்குப் போட்ட வரைபடங்கள் 11.6 அடிக்குத் திருத்தப்பட்டன.

அந்தத் திருத்தம் முடிவதற்குள், நீருக்குள் இறங்க அனுமதிக்கப்பட்ட கோடைக் காலம் முடிந்துவிட்டது, ஓராண்டு காத்திருந்தோம். இதில் இறங்குவோர் விண்ணப்பத் தேதியிலிருந்து முன்னே எண்ணாமல், நீரில் இறங்க அனுமதிக்கும் அந்தக் கோடைக் காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிட வேண்டும் என்று மன்றாடிச் சொல்வேன்.

மறு கோடையில் அனுமதிப் பிரதியைக் களத்திலேயே வைத்துக்கொண்டு வேலை தொடங்கினோம். வேலையிடத்துக்கு மேலேயும் கீழேயும் தடுப்பு வலை கட்டி, பம்பின் வாயில் நுண்வலை பொருத்தி, ஓடையைத் திருப்பிவிட்டோம். எஞ்சிய குட்டையில் உயிரியலாளர் குனிந்து, விரல் நீளக் கோஹோ குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாளியில் சேர்த்து எண்ணினார். பணி முடிந்து, கலங்கல் எழாதபடி நீரைச் சிறிது சிறிதாகப் புதிய படுகையில் விட்டு முடிக்க மாலை வரை ஆயிற்று.