குறி தவறும் ஈஸ்ட்வுட்

கட்டையின் மேல் ஒரு தகர டப்பா. கைத்துப்பாக்கியால் சுடுகிறார் கிளின்ட் ஈஸ்ட்வுட். படவில்லை. மறுபடியும் சுடுகிறார். படவில்லை.

வீட்டுக்குள் போய் ஷாட்கன்னை எடுத்து வந்து ஒரே வெடியில் சிதறடிக்கிறார்.

இன்று திரும்பப் பார்த்த 'அன்ஃபர்கிவன்' (1992). அவருடைய ஆகச் சிறந்த படம் இதுதான்.

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) என்பவர்கள் நிறைய. ஆனால் அதன் இறுதி மோதலில் இயக்குநர் லியோனியின் குளோசப்பும் மோரிக்கோனியின் இசையுமே பாதி வேலையை முடித்துவிடுகின்றன. ஈஸ்ட்வுட் கண்ணைச் சுருக்கி நின்றால் போதும்.

இங்கே பன்றிகளுக்கு நடுவே சேற்றில் விழுகிறார், குதிரை ஏறத் தடுமாறுகிறார். திரைக்கதையை வாங்கி வைத்து, அந்தப் பாத்திரத்தின் வயது தனக்கு வரும்வரை காத்திருந்து, 60 தாண்டிய பிறகு தானே இயக்கினார். சிறந்த படம், இயக்கம் உட்பட 4 ஆஸ்கர்.

இரண்டாமிடம் 'கிரான் டொரினோ'வுக்கு (2008). 'மில்லியன் டாலர் பேபி'யை அதற்கு மேலே வைப்பவர்கள் வாருங்கள், பேசலாம்.